அத்திரிபாச்சா கொழுக்கட்டை: மொரீசியஸ் தமிழ் வகுப்புக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

கோயில்களிலும் சங்கங்களிலும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நடத்தும் நிர்வாகக் குழுவினருக்கும், கைக்காசு செலவழித்து வந்து அங்கே பாடம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

சென்ற மாதம் ஒரு வகுப்பில் புது விதி போட்டார்கள். எந்த வகுப்பு என்று சொல்லப்போவதில்லை. இதே விதியை வேறு இடங்களிலும் போட யோசிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதால்தான் எல்லோருக்குமாக எழுதுகிறேன். விதி இதுதான்: வாரம் இருபது சொல். இந்தச் சனிக்கிழமை பட்டியல் கொடுப்பார்கள், அடுத்த சனிக்கிழமை எழுந்து நின்று பார்க்காமல் ஒப்பிக்க வேண்டும். மூன்று வாரம் தொடர்ந்து தவறினால் கீழ் வகுப்பு.

என் பேரனுக்கு ஒன்பது வயது. இரண்டாம் வாரமே ஏழு சொல்லோடு நின்றுவிட்டான். "பையனுக்கு ஞாபக சக்தி போதாது, வீட்டில் கவனிக்கவும்" என்று குறிப்பேட்டில் எழுதி அனுப்பியிருந்தார்கள். எங்கள் சம்பந்தியம்மா அதைப் படித்த கையோடு கடைக்குப் போய் அரைக் கிலோ லாலோ (வெண்டைக்காய்) வாங்கி வந்து பொரியல் செய்துவிட்டார். வெண்டைக்காய் தின்றால் கணக்கு வரும் என்பது இந்தத் தீவுக்குக் கப்பலில் வந்த நம்பிக்கைகளில் ஒன்று. பொரியல் நன்றாகத்தான் இருந்தது. இருபது சொல் வரவில்லை.

நானும் ஆரம்பப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். அதனால் உங்கள் மேல் கல்லெறிய எனக்கு யோக்கியதை இல்லை. ஒரு காலத்தில் நீளநீளமான வாக்கியங்களை ஒரே மூச்சில் சொல்லி எழுதச் சொல்வேன். பிள்ளைகள் முதல் இரண்டு சொல்லையும் கடைசி இரண்டு சொல்லையும் எழுதிவிட்டு நடுவில் ஓட்டை விட்டிருப்பார்கள். சிவப்பு மையில் "கவனக்குறைவு" என்று எழுதுவேன். அந்த ஓட்டை நடுவில் மட்டும் ஏன் விழுகிறது என்று ஒரு நாளாவது யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. ஓய்வுக்கு அப்புறம்தான் அறிதல் உளவியல் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க அந்தச் சிவப்பு மை உறுத்துகிறது.

உங்களுக்கெல்லாம் தெரிந்த கதை ஒன்று. மாமியார் வீட்டுக்குப் போன மாப்பிள்ளைக்குக் கொழுக்கட்டை பிடித்துப்போகிறது. பெயர் மறக்கக்கூடாதென்று "கொழுக்கட்டை, கொழுக்கட்டை" என்று சொல்லிக்கொண்டே ஊருக்கு நடக்கிறான். வழியில் ஒரு வாய்க்கால். "அத்திரிபாச்சா!" என்று தாண்டுகிறான். அதற்கப்புறம் வீடு வரைக்கும் வாயில் "அத்திரிபாச்சா, அத்திரிபாச்சா"தான். வீட்டுக்கு வந்து அத்திரிபாச்சா செய்து கொடு என்று பெண்டாட்டியை நச்சரிக்கிறான். அவளுக்குப் புரியவில்லை. கோபத்தில் அடித்துவிடுகிறான் (இந்த இடம் எனக்குச் சிறு வயதிலேயே பிடிக்காது). அக்கம்பக்கத்தார் வந்து பார்த்து, "அடப்பாவி, நெற்றி கொழுக்கட்டை மாதிரி வீங்கிவிட்டதே" என்றதும், "அதுதான், அதேதான்!" என்று குதிக்கிறான்.

குறுகிய கால நினைவைப் பற்றி ஆய்வுக்கூடங்களில் கண்டதில் பாதியை இந்தக் கதைக்குள்ளேயே காட்டலாம்.

முதலில் அந்தப் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. நேற்றுச் சாப்பிட்டது மறந்துபோனால் "குறுகிய கால நினைவு போய்விட்டது" என்கிறோம். உளவியலில் அந்தச் சொல்லுக்கு அந்தப் பொருள் இல்லை. அங்கே குறுகிய காலம் என்றால் விநாடிக் கணக்கு. ஒருவர் தொலைபேசி எண் சொல்ல, நீங்கள் அதை அழுத்தி முடிக்கும் வரை மனதில் நிற்கிறதே, அவ்வளவுதான். ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கருக்கு 1953இல் வலிப்புக்காக மூளையில் அறுவை செய்தார்கள். அதன் பிறகு அவருக்குப் புதிதாக எந்த நிகழ்ச்சியும் நினைவில் தங்கவில்லை. காலையில் பார்த்த டாக்டர் மாலையில் அந்நியர். ஆனால் ஒரு எண் வரிசையைச் சொன்னால் நம்மைப் போலவே உடனே திருப்பிச் சொன்னார். இரண்டும் வேறு வேறு என்று உலகம் தெரிந்துகொண்டதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

இனி வாய்க்கால். 1959இல் அமெரிக்காவில் பீட்டர்சன் தம்பதியர் ஒரு சோதனை செய்தார்கள். மூன்றே மூன்று மெய்யெழுத்துகளைச் சொன்னார்கள். பிறகு ஓர் எண்ணைக் கொடுத்து அதிலிருந்து மும்மூன்றாகக் கழித்துக்கொண்டே வரச் சொன்னார்கள். அந்தக் கழித்தல்தான் வாய்க்கால். எழுத்துகளை மனதுக்குள் சொல்லிக்கொள்ள விடாது. 18 விநாடி கழித்து எழுத்துகளைக் கேட்டால் ஏறக்குறைய பத்தில் ஒரு முறைதான் சரியாக வந்தது. சோதனைக்கு உட்கார்ந்தவர்கள் படித்த பெரியவர்கள். கேட்டது மூன்று எழுத்து. அவை தானாக மங்குகின்றனவா, முன்னால் கேட்டவை வந்து இடித்துத் தள்ளுகின்றனவா என்ற சண்டை அறிஞர்களுக்குள் இன்னும் ஓயவில்லை. வகுப்பு நடத்துகிறவருக்கு அது முக்கியமில்லை. சொல்லிக்கொண்டே இருந்தால் நிற்கும், வாயை வேறு வேலைக்கு இழுத்தால் போகும் என்பதே நமக்குப் போதும்.

ஆலன் பேட்லியும் கிரஹாம் ஹிட்சும் 1974இல் இதற்கு ஒரு வடிவம் கொடுத்தார்கள். செயல்படு நினைவு என்று பெயர். அதில் ஒலிக்கென்று ஒரு வளையம், காட்சிக்கென்று ஒரு பலகை, இரண்டையும் மேய்க்க ஒரு மேற்பார்வையாளர். ஒலி வளையம் என்பது மாப்பிள்ளையின் வாய்தான். அந்த வளையம் எவ்வளவு நீளம் என்று 1975இல் பேட்லியின் குழு அளந்து பார்த்தது. சுமார் இரண்டு விநாடியில் ஒருவரால் எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவுதான் அதில் தங்கும். அதனால் குட்டைச் சொற்கள் நிறைய நிற்கும், நெட்டைச் சொற்கள் கொஞ்சமே நிற்கும்.

இங்கேதான் நம் தீவுக் கதை வருகிறது. இங்கே தெருவில் எல்லோரும் பேசும் கிரியோலில் எண்ணுங்கள்: என், தே, த்ருவா, காத், சேங்க், சிஸ், செத், வித், நெஃப். ஒவ்வொன்றும் ஒரே அசைப்பில் முடிகிறது. தமிழில் எண்ணுங்கள்: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஒன்பது வரை போனாலும் ஒரே தட்டில் முடியும் எண் ஒன்றும் கிடையாது. பேரனிடம் எண் வரிசைகளைச் சொல்லிப் பார்த்தேன். கிரியோலில் ஆறு இலக்கம் திருப்பிச் சொன்னான். தமிழில் நான்கு. அதே பையன், அதே மாலை, அதே வராங் (வீட்டு முன்தாழ்வாரம்). தமிழ் எண்களை அவன் தட்டுத் தடுமாறித்தான் சொல்வான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சொல்லும் வேகம் குறைந்தாலே வளையம் சுருங்கும். இதே விஷயம் வேல்ஸ் நாட்டில் 1980இல் ஆய்வாக வந்தது. வெல்ஷ் மொழி எண்களைச் சொல்ல ஆங்கில எண்களைவிட அதிக நேரம் பிடிக்கும். இரண்டு மொழியும் தெரிந்தவர்களை எல்லிஸ், ஹென்னெலி என்ற இரு ஆய்வாளர்கள் சோதித்தபோது வெல்ஷில் குறைவான இலக்கங்களே நினைவில் நின்றன. மனதுக்குள் சொல்லிக்கொள்ள முடியாதபடி வாய்க்கு வேறு வேலை கொடுத்ததும் அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. ஆக, குறை மொழியிலும் இல்லை, மூளையிலும் இல்லை. வளையத்தின் நீளம் அவ்வளவுதான்.

இப்போது அந்த இருபது சொல் பட்டியலைப் பாருங்கள். மருத்துவமனை, விமான நிலையம், பேருந்து நிலையம், நூலகம், காவல் நிலையம்... தெருவில் பிள்ளைக்கு இவையெல்லாம் லோபிதால் (மருத்துவமனை), லாகார் (பேருந்து நிலையம்) என்று சட்டென்று முடிகிற சொற்கள். நமக்கு மருத்துவமனை என்றால் இரண்டு துண்டு: மருத்துவம், மனை. வீட்டில் கிரியோல் மட்டுமே பேசும் பிள்ளைக்கு அது ம, ருத், து, வ, ம, னை என்று ஆறு தனித்தனிச் சத்தம். ஒரே சொல்லில் வளையம் நிறைந்துவிடுகிறது. அடுத்த சொல் வரும்போது முந்தியது வாய்க்காலில் விழுகிறது. அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் "கவனமில்லை".

ஏழு என்ற எண்ணை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஜார்ஜ் மில்லர் 1956இல் எழுதிய கட்டுரையில் வந்தது: ஏழு, இரண்டு கூடலாம் குறையலாம். நம் ஊர்க் கல்யாண இலையில் ஏழு கறி வைப்பதற்கும், குறளில் ஏழு சீர் இருப்பதற்கும் இதுதான் காரணம் என்று ஒரு வாட்சப் செய்தி சுற்றுகிறது. தயவுசெய்து அதைப் பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். வள்ளுவர் மில்லரைப் படிக்கவில்லை. கறி எண்ணிக்கை சமையல்காரர் முடிவு. மில்லரே அந்த ஏழு என்ற எண்ணை ஒரு வேடிக்கையான தற்செயல் போலத்தான் பேசினார். பின்னால் வந்த நெல்சன் கோவன் 2001இல், மனதுக்குள் சொல்லிக்கொள்வதையும் சேர்த்துக் கட்டுவதையும் தடுத்துவிட்டுப் பார்த்தால் பெரியவர்களுக்கே நான்கு அளவில்தான் நிற்கிறது என்று காட்டினார். சிறு பிள்ளைகளுக்கு அதற்கும் கீழே. வராங்கில் நான்கு நாற்காலி போட்டிருக்கிறோம் என்று வையுங்கள். ஐந்தாவது ஆள் வந்தால் யாராவது எழுந்துதான் ஆக வேண்டும்.

ஆனால் மில்லர் சொன்னதில் எண்ணைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. நாற்காலியில் உட்காருவது எழுத்தோ ஒலியோ அல்ல, துண்டு. பல ஒலிகளை ஒரு துண்டாகக் கட்டிவிட்டால் அது ஒரே நாற்காலியில் உட்காரும். 2013இல் நம் கைப்பேசி எண்களுக்கு முன்னால் ஒரு 5 சேர்த்து எட்டு இலக்கமாக்கினார்களே, யாராவது பாரம் என்று முனகினோமா? எல்லோருக்கும் அதே 5 என்பதால் அது இடமே பிடிக்கவில்லை. பழகியது இடம் பிடிக்காது. பழகாததுதான் இடத்தை அடைக்கும்.

இந்த இடத்தில் குழுவில் ஒருவர் கட்டாயம் கேட்பார்: "நம் சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் நூறு விஷயத்தை ஒரே நேரத்தில் நினைவில் வைத்தாரே, இந்தப் பையன்களுக்கு இருபது முடியாதா?" பாவலரை நானும் வணங்குகிறேன். ஆனால் அவதானிகள் எப்படி உருவாகிறார்கள் என்பதற்கு ஒரு வெளிச்சம் அமெரிக்காவில் கிடைத்தது. எரிக்சன், சேஸ் ஆகியோர் ஒரு கல்லூரி மாணவனுக்கு எண் வரிசை ஒப்பிக்கப் பயிற்சி கொடுத்தார்கள். தொடக்கத்தில் அவனுக்கும் ஏழுதான். இருநூறு மணி நேரத்துக்கு மேல் பயிற்சி செய்து கிட்டத்தட்ட 80 இலக்கம் வரை போனான். 1980இல் அந்த ஆய்வு வெளியானது. ரகசியம் என்னவென்றால் அவன் ஓட்டப்பந்தய வீரன். 3492 என்று கேட்டால் 3 நிமிடம் 49.2 விநாடி, அதாவது ஒரு மைல் ஓட்டத்தின் நேரமாகக் கட்டிக்கொள்வான். சரி, எண்ணை விட்டுவிட்டு எழுத்துகளைச் சொன்னால்? திரும்ப ஆறுதான். நாற்காலி ஒன்றுகூட அதிகமாகவில்லை. அவனிடம் ஏற்கெனவே இருந்த அறிவு துண்டு கட்டிக் கொடுத்தது. அந்த அறிவைத்தான் நாம் பிள்ளைகளுக்குக் கொடுக்காமல் விளைவை மட்டும் கேட்கிறோம்.

எனக்கு மிகவும் மனதில் தைத்த ஆய்வு இன்னொன்று. இத்தாலியில் பக்கவாதம் வந்த ஒரு பெண். ஆய்வுகளில் அவரைப் பி.வி. என்று குறிப்பார்கள். அறிவு தெளிவு, பேச்சு தெளிவு. ஒலி வளையம் மட்டும் பழுது. காதால் கேட்ட எண்களில் இரண்டு மூன்றுக்கு மேல் நிற்காது. 1988இல் பேட்லி, பபாக்னோ, வல்லார் மூவரும் அவருக்கு இத்தாலியச் சொற்களை இரண்டிரண்டாக ஜோடி சேர்த்துக் கொடுத்தார்கள். மற்றவர்களைப் போலவே கற்றுக்கொண்டார். பிறகு இத்தாலியச் சொல்லோடு ரஷ்யச் சொல்லை ஜோடி சேர்த்துச் சொன்னார்கள். பத்து முறை கேட்டும் ஒன்றும் ஏறவில்லை. தெரிந்த சொற்களைப் பிணைக்கப் பொருளே போதும். தெரியாத ஒலியை முதல் தடவை உள்ளே கொண்டுபோக அந்தச் சின்ன வளையத்தை விட்டால் வேறு வாசல் குறைவு. பேட்லியும் சூசன் கேதர்கோலும் சிறு பிள்ளைகளிடம் பொருளில்லாத போலிச் சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லவைத்தார்கள். அதை நன்றாகச் செய்த பிள்ளைகளுக்குச் சொல்வளமும் கூடுதலாக இருந்தது.

நம் பிள்ளைகளுக்குத் தமிழ் எது, தெரிந்த இத்தாலியமா, தெரியாத ரஷ்யமா? கேட்க வலிக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் புதுச்சேரிப் பக்கமிருந்து கைவினைஞர்களாக வந்தவர்கள் முதல் கரும்புத் தோட்டக் கூலிகளாக வந்தவர்கள் வரை பேசிய மொழி இது. ரூபாய் நோட்டில் இன்றும் நம் எழுத்து இருக்கிறது. ஆனால் ஒன்பது வயதுப் பிள்ளையின் காதுக்குத் தமிழ் ரஷ்யத்துக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. இதை ஒப்புக்கொள்ள முப்பது வருடம் எனக்கு மனமில்லை. ஒப்புக்கொண்டால்தான் சரியாகச் சொல்லிக்கொடுக்க முடியும்.

இன்னொரு சங்கடம் ல, ள, ழ. 1964இல் கான்ராட் என்பவர் எழுத்துகளைக் கண்ணால் பார்க்கவைத்து, நினைவிலிருந்து எழுதச் சொன்னார். தவறுகள் வடிவம் ஒத்த எழுத்துகளில் விழாமல் ஒலி ஒத்த எழுத்துகளில் விழுந்தன. கண் பார்த்தாலும் மனம் அதைச் சத்தமாக மாற்றித்தான் வைத்துக்கொள்கிறது. தலை, தழை, தளை என்று ஒரே பாடத்தில் வரிசையாக வைப்பது வித்தியாசத்தைப் புரியவைக்க நல்லது. மனப்பாடம் செய்ய மோசம். கிரியோலில் வளர்ந்த காதுக்கு மூன்றும் ஒன்று. அந்தப் பட்டியலில் பிள்ளை குழம்பினால் அது சோம்பல் இல்லை.

சத்தமும் அப்படித்தான். ஒரே மண்டபத்தில் நான்கு வகுப்பு, நடுவில் திரைகூடக் கிடையாது. வெறும் இரைச்சலைவிடப் பேச்சொலிதான் வளையத்தை அதிகம் குலைக்கும். புரியாத மொழிப் பேச்சு என்றாலும் குலைக்கும். தகரக் கூரையில் மழை பெய்யும்போது ஒப்பிக்கும் பிள்ளை, பக்கத்து வகுப்பு ஒப்பிக்கும்போது திணறுவதை நானே பார்த்திருக்கிறேன்.

சரி, என்ன செய்யலாம்? இருபதை ஐந்தாக்குங்கள் என்பதுதான் என் முதல் கோரிக்கை. ஐந்தையும் உடைத்துக் கொடுங்கள். மனை என்றால் வீடு, மருத்துவம் என்றால் வைத்தியம் என்று முதலில். மனை வந்துவிட்டால் நாளைக்கு வேறு சொல்லில் வரும்போது அது ஒரே துண்டு. நிலையம் என்ற ஒன்றைக் கட்டிவிட்டால் பட்டியலில் மூன்று சொல் பாதி முடிந்தது. பொருளைக் கிரியோலில் சொல்வதற்குத் தயங்காதீர்கள், தமிழ் கெட்டுப்போகாது. முதல் தடவை சத்தமாகச் சொல்லவிடுங்கள். அமைதியாக எழுது, எழுது என்று பத்துத் தடவை எழுதவைப்பதில், மூன்றாவது தடவையிலிருந்து கைதான் எழுதுகிறது.

பாட்டு. இதை மட்டும் விரிவாகச் சொல்லிவிடுகிறேன். பத்துச் சொல் ஒப்பிக்க முடியாத அதே பையன்கள் தைப்பூசக் காவடி சமயத்தில் ரோமன் எழுத்துப் புத்தகத்தைப் பார்த்துப் பழகி, விரதம் முடிவதற்குள் பக்கம் பக்கமாக முருகன் பாட்டுப் பாடுகிறார்கள். பொருள் பாதி தெரியாது. ஆனாலும் நிற்கிறது. தாளம் துண்டு போட்டுக் கொடுக்கிறது, மோனை அடுத்த அடியின் வாசலைக் காட்டுகிறது, பத்து நாளும் திரும்பத் திரும்ப வருகிறது. குறளையும் இப்படி அணுகலாம். முதல் அடி நான்கு சீர், இரண்டாம் அடி மூன்று. ஒரு வாரம் முதல் அடி மட்டும். பிள்ளை அதைத் தூக்கத்தில் சொல்லும் நிலை வந்ததும் அது ஒரே துண்டாகிவிடும், இரண்டாம் அடிக்கு நாற்காலி காலியாகும்.

அப்புறம், கேள்வி கேட்பதைச் சனிக்கிழமை வரை ஒத்திப்போடாதீர்கள். சொல்லிக்கொடுத்துக் கால் மணி நேரம் கழித்து ஒரு தடவை, வகுப்பு முடியும்போது ஒரு தடவை, அடுத்த வாரம், அதற்கடுத்து இரண்டு வாரம் கழித்து. புத்தகத்தை மூடிவைத்து நினைவிலிருந்து இழுத்துப் பார்ப்பது, திரும்பப் படிப்பதைவிட நீண்ட நாள் தங்கவைக்கிறது என்று ரோடிகரும் கார்பிக்கும் 2006இல் காட்டினார்கள். இடைவெளி விட்டுப் படிப்பதன் பலனை எபிங்ஹாஸ் 1885இலேயே எழுதிவைத்தார். பையன் திணறினால் முதல் எழுத்தைக் கொடுங்கள். "நெற்றி கொழுக்கட்டை மாதிரி" என்று பக்கத்து வீட்டார் சொன்னதும் மாப்பிள்ளைக்கு வந்ததே, அந்தப் பெயர் அதுவரை எங்கேயும் போகவில்லை, உள்ளேதான் இருந்தது. பிள்ளைகளிடமும் நாம் நினைப்பதைவிட அதிகம் உள்ளே இருக்கிறது. எழுப்பி நிறுத்தி முறைத்தால் வராது.

கட்டளைகளையும் கொஞ்சம் பாருங்கள். "புத்தகத்தை எடு, பதினான்காம் பக்கம் திருப்பு, மூன்றாவது பத்தியில் வினைச்சொற்களுக்குக் கீழே பென்சிலால் கோடு போடு" என்று ஒரே மூச்சில் சொல்வோம். செயல்படு நினைவு குறைவான பிள்ளை புத்தகத்தை எடுத்துவிட்டு முழித்துக்கொண்டு நிற்கும். இப்படிப்பட்ட பிள்ளைகளை ஆசிரியர்கள் பெரும்பாலும் கவனமில்லாதவர்கள் என்றே கணிக்கிறார்கள் என்று கேதர்கோல் எழுதியிருக்கிறார். அந்த ஆசிரியர்களில் நானும் ஒருவன்.

விதியை எடுத்தவுடன் ரத்து செய்யச் சொல்லவில்லை. ஒரு பந்தயம் வைத்துப் பாருங்கள். உங்களிடம் ஒரே வயதில் இரண்டு வகுப்பு இருந்தால், ஒன்றில் வாரம் இருபது சொல்லே தொடரட்டும். மற்றதில் வாரம் ஐந்து, மேலே சொன்ன மாதிரி. தைப்பூசம் கழிந்து இரண்டு வாரம் சென்று, முன்னறிவிப்பு இல்லாமல், இரண்டு வகுப்பிலும் இதுவரை கொடுத்த சொற்களில் எத்தனை நினைவிருக்கிறது என்று எண்ணுங்கள். ஐந்து சொல் வகுப்பு தோற்றால் நான் இந்தக் கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அதுவரை யாரையும் கீழ் வகுப்புக்கு அனுப்ப வேண்டாம், குறிப்பேட்டில் ஞாபக சக்தி பற்றி எழுதவும் வேண்டாம்.

ஐந்து சொல் வகுப்பை நடத்த ஆள் வேண்டுமென்றால் சனிக்கிழமைகளில் நான் சும்மாதான் இருக்கிறேன். முதல் வாரம் கதையிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றிருக்கிறேன். கொழுக்கட்டைக்கு என் மனைவியிடம் சொல்லிவைத்தாயிற்று.

இப்படிக்கு,
ரோஸ் ஹில்லில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு தமிழ் வாத்தியார்